டைப்பிங் அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும்

தம்பி வெளியே வந்துவிட்டான். பொங்கல் விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலைநாளில், பாளையங்கோட்டை மத்திய சிறையில் மாலை அடைப்பு நேரத்துக்குச் சற்று முன்னால். நாங்கள் வழக்குப் பார்க்கும் பையன் அவன்; பிணை கிடைத்தும் ஜாமீன்தாரர்களின் காகிதங்கள் முடியாமல் உள்ளேயே இருந்தான். அன்றைக்கு எங்களோடு ஓடியவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ராத்திரி வரைக்கும் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கும் தெரியும். படபடப்பு அடங்குவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அமர்த்திய வக்கீல் மேடம், அவர்களுடைய குமாஸ்தா அண்ணாச்சி, சாப்பிடாமல் காத்திருந்த நோட்டரி ஐயா, இரண்டாவது ஜாமீன்தாரராக வந்து நின்ற பக்கத்து வீட்டுப் பெரியவர், பைக்கைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் போன என் வகுப்புத் தோழன், எல்லாருக்கும் நன்றி. பயிற்சிக்கு வந்த சட்ட மாணவிதானே என்று யாரும் என்னை ஒதுக்கவில்லை.

அப்புறம் டைப்பிங் அக்கா. நீதிமன்ற வளாகத்துச் சுவரோரம் மேசை போட்டிருக்கும் அவரிடம் நாங்கள் போனபோது மெஷினுக்கு உறை போட்டாகிவிட்டது. சிக்கல் இதுதான்: முதல் ஜாமீன்தாரரான தம்பியின் சித்திக்கு ஆதாரில் அப்பா இனிஷியல், வீட்டு வரி ரசீதில் புருஷன் இனிஷியல். நம் ஊரில் கல்யாணம் ஆன பாதிப் பெண்கள் காகிதத்தில் இரண்டு பேராகத்தான் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டும், அதுவும் உடனே.

அக்கா ஒரு வார்த்தை பேசாமல் உறையைக் கழற்றினார். அடித்து முடித்தார். நான் காகிதத்தை உருவக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. சித்தியைப் பக்கத்து ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு, அதையும் எங்கள் கையிலிருந்த ஜாமீன் பத்திரத்தையும் வரி வரியாக வாசித்துக் காட்டினார். எனக்கு ஒவ்வொரு நிமிஷமும் அடிவயிற்றைப் பிசைந்தது. சித்தி மெதுவாகக் கேட்டார்: "வீட்ட எழுதி வாங்கிக்கிடுவாவளா?"

காலையிலிருந்து அந்த ரசீதை அவர் ஏன் முந்தானையை விட்டு எடுக்கவே மாட்டேன் என்றார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"இப்ப யாரும் எதையும் எழுதி வாங்கலம்மா. பையன் வாய்தாவுக்கு வராம ஓடிட்டாம்னா, பத்தாயிரம் ரூவாய்க்கு நீங்கதான் பதில் சொல்லணும். சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க, இல்லன்னா வேண்டாம்."

சித்தி கொஞ்சம் யோசித்தார். "காதத் திருகிக் கூட்டியாந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போட்டார். அவ்வளவு பதற்றத்திலும் சிரித்துவிட்டோம்.

தேர்வுக்காக நான் நிறைய மனப்பாடம் செய்திருக்கிறேன். 1976இல் அரசமைப்பின் 42ஆவது திருத்தத்தோடு வந்த, இலவசச் சட்ட உதவி பற்றிய 39ஏ, 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், அதன் 12ஆவது பிரிவு எல்லாம் தலைகீழாகச் சொல்வேன். காவலில் இருப்பவர் என்றாலே போதும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் வக்கீல் கிடைப்பார். ஆனால் நீதிமன்றம் பிணை கொடுத்த பிறகும், பொறுப்பேற்று ஜாமீன் நிற்க ஆள் இல்லாமல் எத்தனை பேர் உள்ளேயே கிடக்கிறார்கள்! 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே இதைக் கவனித்து, பிணை கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. தெரிவித்த பிறகு நடப்பதெல்லாம் இந்த மாதிரி ஓட்டம்தான். இனிஷியல், ரசீது, போட்டோ, இதைப் பற்றி எந்தப் பாடப்புத்தகமும் பேசுவதில்லை.

வக்கீலாகப் பதிவு செய்த பிறகு, வாசித்துக் காட்டாமல் யாரிடமும் கையெழுத்து வாங்கமாட்டேன். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் சரி. இதை இங்கே எழுதி வைப்பதே, நாளைக்கு நான் மறந்தால் நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான்.

வீட்டில் யாராவது உள்ளே இருந்து, வக்கீல் வைக்க வழியில்லை என்றால் 15100க்குப் போன் செய்யுங்கள். கட்டணம் கிடையாது.

அக்கா, அன்றைக்கு "பொங்கல் கழிச்சு வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். அடுத்த வாய்தாவுக்குத் தம்பியோடும் சித்தியோடும் வருகிறேன். அந்தக் காசை வாங்கிக்கொள்ள வேண்டும், சொல்லிவிட்டேன்.