ஒரு கோடு மட்டும் தெரிந்தால் போதுமா?

புதுப்பாளையம், கடலூர்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. அத்தையைக் கோரிமேட்டுப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருப்பதாக எழுதியிருந்தாய். அதை நினைத்து நீ மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. ராத்திரியில் இரண்டு பேர் பிடித்தால்தான் அவரால் எழுந்திருக்க முடியும் என்றால், வீட்டில் நீ ஒருத்தி என்னதான் செய்வாய்?

ஆனால் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. "எனக்குச் சளி இருந்தது, வாசலிலேயே கொரோனா ரேபிட் டெஸ்ட் எடுத்தார்கள், நெகட்டிவ், அதனால் நிம்மதியாக அரை மணி நேரம் அத்தை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்" என்று எழுதியிருந்தாயே, அந்த வரி.

லேபிலேயே காலம் கழித்தவள் என்பதால் சொல்கிறேன். அந்த ரேபிட் டெஸ்ட் கிட் தேடுவது கொரோனா வைரஸின் புரதத்தை. லேபில் செய்கிற ஆர்டிபிசிஆர் டெஸ்ட், துளி வைரஸ் இருந்தாலும் அதைப் பெருக்கிப் பார்த்துவிடும்; இந்தக் கிட் அப்படிப் பெருக்காது. மூக்கில் வைரஸ் நிறைய சேர்ந்திருந்தால்தான், பட்டையில் டி என்று போட்டிருக்கிற பக்கத்தில் நோயைக் காட்டுகிற கோடு விழும். தொண்டை கரகரக்கிற முதல் நாளில் பல சமயம் அந்த அளவுக்குச் சேர்ந்திருக்காது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ சேர்ந்துவிடும். 2020 ஜூனில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) இந்த டெஸ்டுக்கு முதன்முதலில் அனுமதி கொடுத்தபோதே, அறிகுறி உள்ளவருக்கு நெகட்டிவ் வந்தால் ஆர்டிபிசிஆர் எடுத்தே தீர வேண்டும் என்று சொல்லியிருந்தது. அவர்கள் பரிசோதித்துப் பார்த்ததில், நோய் இருப்பவர்களில் 50.6 முதல் 84 சதவீதம் பேரைத்தான் அது கண்டுபிடித்தது. பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசுகிற காக்ரேன் அமைப்பு 2022-ல் வெளியிட்ட தொகுப்பிலும் அறிகுறி உள்ளவர்களிடம் சராசரி 73 சதவீதம், அறிகுறி இல்லாதவர்களிடம் 55 சதவீதம்தான்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2022 ஜனவரியில், மூன்றாம் அலையின்போது, இங்கே ஒரு இல்லத்துக்கு உதவிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாட்டிகளைக் குளிப்பாட்டுகிற பெண்ணுக்கு லேசாகத் தொண்டை வலி. மெடிக்கலில் வாங்கி வந்த கிட்டில் டெஸ்ட் எடுத்தாள். ட்யூப் லைட்டுக்குக் கீழே பட்டையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். டெஸ்ட் சரியாக நடந்தது என்று காட்டுகிற சி கோடு மட்டும்தான், அதாவது நெகட்டிவ். சரி, போ என்று அனுப்பினார்கள். அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு நாள் கழித்து அதே பெண்ணுக்கு டி பக்கத்தில் பென்சிலால் இழுத்தமாதிரி மங்கலாக ஒரு கோடு. எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது பாசிட்டிவ்தான். அதற்குள் மூன்று பாட்டிகளைக் குளிப்பாட்டியிருந்தாள். அவர்களில் ஒருவர் காய்ச்சலே வராமல், கஞ்சியை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தார். வயசானவர்களுக்கு நோய் பல சமயம் அப்படித்தான் தொடங்கும். அவர் மீண்டு வரவில்லை. அந்தப் பாட்டியின் கை இன்னும் என் கைக்குள் இருக்கிற மாதிரியே இருக்கிறது.

இதற்காக அந்தக் கிட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கால் மணி நேரத்தில் பாசிட்டிவ் என்று காட்டினால், அந்த நிமிஷமே ஆளைத் தனியே வைக்கலாம். அன்றைக்கு ஆர்டிபிசிஆர் ரிசல்ட் கைக்கு வருவதற்குள் நோய் இரண்டு அறை தாண்டியிருக்கும். பாசிட்டிவ் வந்தால் பெரும்பாலும் நம்பலாம். நெகட்டிவ் என்பதை மட்டும் உள்ளே போகிற சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம், அங்கே எப்படி எடுக்கிறார்கள் என்றும் பார். குச்சியை மூக்கு நுனியில் தொட்டுவிட்டு எடுத்தால் பிரயோஜனமில்லை. பெரும்பாலான கிட்களை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. நம்ம ஊர் மே மாதத்தில் வாசல் மேஜையில் நாள் முழுக்கக் கிடந்தால் என்ன ஆகும்? அட்டையில் போட்டிருக்கிற நேரத்துக்கு முன்னாலும் பார்க்கக் கூடாது, ரொம்பத் தள்ளியும் பார்க்கக் கூடாது.

உனக்குச் சளி இருக்கிற நாளில் போகாதே. அத்தை கோபித்துக்கொண்டால், ஜன்னலுக்கு வெளியே நின்று பேசிவிட்டு வா. போயே ஆகவேண்டும் என்றால் மாஸ்க் போட்டுக்கொள், இரண்டு நாள் விட்டு மறுபடியும் டெஸ்ட் எடு. இல்லத்து மேனேஜரிடமும் கேள்: வேலைக்கு வருகிறவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுக்கிறார்களா என்று. பிடிப்பார்கள் என்றால் யார் தொண்டை வலியை வெளியே சொல்வார்கள்?

அத்தை சாப்பாட்டைத் தள்ளினார், பேச்சு மாறியது என்று தெரிந்தால், ராத்திரி எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணு. முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் கடலூர்த் தோழி