மிஷனெரி ஆதரவுச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் ஐயா, குருவானவர் ஐயா, சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் ஞாயிறு ஆராதனைக்குப் பின் நடந்தன. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் சமைக்கும்போது எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கையை ஒரு மாதம்கூட விடாமல் சேர்த்துத் தந்தார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் போன விலையைக் கேட்டால் மார்க்கெட்காரர்கள் மயங்கி விழுவார்கள். எடுத்தவருக்கு நன்றி.

இனி ஆப்பிரிக்க நாடான மலாவி. நம் சேகரத்திலிருந்து, அதாவது நம் குருவானவரின் கீழுள்ள சபைகளிலிருந்து, போன தம்பதியர் முலாஞ்சே மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், அங்குள்ள சபையின் அழைப்பின் பேரில் ஊதியமில்லாமல் ஊழியம் செய்கிறார்கள். அக்கா ஓய்வுபெற்ற நர்ஸ், அண்ணன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் வாத்தியாராக இருந்தவர். அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவுகளைக் கேட்டே இதை எழுதுகிறேன்.

கூட்டத்துக்குக் கூட்டம் யாராவது ஒருவர், "இந்த மாதம் எத்தனை பேருக்கு ஞானஸ்நானம்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு அங்கே வேலையே இல்லை. ஸ்காட்லாந்து மிஷனெரிகள் மலாவி ஏரிக்கரையில் ஊழியத்தைத் தொடங்கியது 1875-இல், பிளாண்டயர் நகரில் 1876-இல். அங்கே பேசும் சிச்செவா மொழியில் முழு வேதாகமம் 1922-லேயே வந்துவிட்டது. நம்மவர்கள் இருக்கும் ஊரில் ஞாயிறு ஆராதனை மதியம் வரை போகிறது. பாடகர் குழு ஒவ்வொன்றும் பாடி முடித்தால்தான் பிரசங்கம். பிரசங்கம் செய்ய நம் ஆள் அவர்களுக்குத் தேவையில்லை.

அப்படியானால் அங்கே என்னதான் செய்கிறார்கள்? பொழுது முக்கால்வாசி அந்த ஊர்க்காரர்களாக இருப்பதிலேயே கழிகிறது. விடியுமுன் ஊரெங்கும் வாசல் பெருக்கும் சத்தம். அக்கா இடுப்பில் சித்தெஞ்செ துணியைச் சுற்றிக்கொண்டு வாளியோடு அடிகுழாய்க்குப் போகிறார். எதிரே வருபவர் ஒவ்வொருவரிடமும் நின்று "முலி ப்வாஞ்சி" என்று நலம் விசாரித்தாக வேண்டும். விசாரிக்காமல் போனால் திமிர் பிடித்தவர் என்று பெயர் வந்துவிடும். மதியம் ன்சிமா. நம் களியைப்போல வெள்ளைச் சோள மாவில் கிண்டியது. ஒருவர் குவளையால் நீர் ஊற்ற எல்லோரும் கை கழுவி, உருட்டி, வேர்க்கடலைப் பொடி போட்டு வேகவைத்த பூசணி இலையில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். அண்ணனுக்கு இன்னமும் ரசம் இல்லாதது ஒரு குறை.

மரத்தடியில் குழந்தைகள் மருத்துவ முகாம் நடக்கும் நாட்களில் அக்காவுக்கு ஓய்வில்லை. கிளையில் ஸ்பிரிங் தராசு தொங்கும். கால்சட்டைபோலத் தைத்த துணிப்பைக்குள் குழந்தையின் இரு கால்களையும் நுழைத்துக் கொக்கியில் மாட்டினால் அது வீறிட்டு அழும். ஆட்டம் நிற்கும்வரை பொறுத்து எடையைப் பார்த்து, தாய் கொண்டுவந்த ஹெல்த் பாஸ்போர்ட் என்ற சிறு நோட்டில் அக்கா குறிக்கிறார். அவ்வளவுதான் அவர் வேலை. அந்நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு இல்லாமல் ஊசியைத் தொடக் கூடாது. வார்டையே நிர்வகித்தவர், தன் மகள் வயதுள்ள அரசு சுகாதார ஊழியர் மலேரியாத் தடுப்பூசி போடும்போது குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதைச் சிலர் வீண் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஊழியருக்குத்தான் ஊரின் ஒவ்வொரு வீடும் தெரியும்.

அண்ணன் கதையும் அதேதான். அடிகுழாய் பழுது பார்க்கக் கற்றுத்தரலாம் என்று போனவர் அவர். அங்கே இருப்பது அஃப்ரிடெவ் பம்பு. கிராமத்தாரே கழற்றி மாட்டும்படி வடிவமைத்தது. தண்ணீர்க் குழுப் பெண்கள் கம்பிகளை ஒவ்வொன்றாக உருவி, தேய்ந்த ரப்பர் வளையத்தை மாற்றிக் காட்டினார்கள். இவர் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றார். குறை திறமையில் இல்லை, உதிரிபாகம் வாங்கும் காசில்தான். அதற்கு நம் சங்கம் பணம் அனுப்பியது.

ஊரில் சாவு விழுந்தால் எல்லா வேலையும் நின்றுவிடும். வயலுக்கு யாரும் போவதில்லை. பெண்கள் சோள மாவும் விறகும் சுமந்துபோய் வீட்டுக்குள் தரையில் உட்காருகிறார்கள், ஆண்கள் வெளியே. கிறிஸ்துமசுக்குப் பிறகு வந்த வாரங்களில் அக்காவின் பதிவுகளில் இதுதான் மிகுதி.

அந்த மாதங்கள் மோசமானவை. 2024 மார்ச்சில் வறட்சி காரணமாக நாட்டின் 28 மாவட்டங்களில் 23-இல் பேரிடர் நிலை அறிவிக்கப்பட்டது. சாதாரண ஆண்டிலேயே ஏப்ரல் அறுவடைக்கு முந்தைய ஜனவரி, பிப்ரவரியில் பானை காலியாகிவிடும். அந்த வறட்சிக்குப் பிறகு கேட்க வேண்டியதில்லை. அன்றைய மாவுக்காக அடுத்தவர் வயலில் கூலிக்குக் களையெடுக்கப் போகிறார்கள், சொந்த வயலில் களை மண்டுகிறது, அடுத்த விளைச்சலும் குறைகிறது. தவிட்டை இடித்து ன்சிமா கிண்டிய வீடுகளும் உண்டு. நம் கைப்பிடி அரிசிப் பணத்தில் அங்குள்ள சபையார் சோளம் வாங்கினார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதை ஊர்த் தலைவரும் சபை மூப்பர்களும் முடிவு செய்தார்கள். நம்மவர்கள் பட்டியலில் கைவைக்கவில்லை. அதுவே முறை.

ஒரு வேண்டுகோள். பழைய துணி, ஊறுகாய், படம் போட்ட காலண்டர் என்று பார்சல் அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். சென்ற முறை அனுப்பும் செலவு பொருளின் விலையைத் தாண்டியது. பணமாகத் தாருங்கள், அதுவும் அக்டோபருக்குள். சோளம் விலை ஏறுமுன் வாங்கி வைக்கலாம். அக்கா தனக்கென்று கேட்டது ஐந்து லிட்டர் குக்கருக்கு ஒரு கேஸ்கெட் மட்டுமே. நம் ஊருக்கு வந்திருக்கும் அவருடைய தம்பி மகன் எடுத்துப் போகிறார்.

அவர்கள் மலாவியில் தங்குவதற்கான தற்காலிக அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியுள்ளது. அதற்கான கட்டணத்துக்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் தேவை. துணைச் செயலர் பொறுப்புக்கு இதுவரை ஒரே பெயர்தான் வந்திருக்கிறது. இளைஞர்கள் முன்வந்தால் நல்லது. தணிக்கை செய்த கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலர்