2024–25: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

நம் வானியல் மன்றச் செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய ஆள் (கோரம்) சேராமல் டீ குடித்துக் கலைந்தோம். மூன்று பள்ளிகளில் தொலைநோக்கி நிகழ்ச்சி நடந்தது. ஆயுத பூஜை வழக்கம்போல.

ஜனவரி 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவின் 100-ஆவது ஏவுதலைப் பார்க்கப் பழவேற்காடு போனோம். பஸ்ஸில் இடமில்லாமல் இரண்டு பேர் எஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்து வந்தார்கள். ராக்கெட் நன்றாகவே போனது. மேலே போன என்விஎஸ்-02 என்ற வழிகாட்டுச் செயற்கைக்கோள்தான், எஞ்சின் வால்வு திறக்காததால், உரிய சுற்றுப்பாதைக்கு ஏறவில்லை. அது என்ன ஆயிற்று என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவரும் கேட்கவில்லை.

சூரியப் புள்ளிகள், அதாவது சூரியன்மேல் தெரியும் கரும்புள்ளிகள், பற்றிய நம் பதிவைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தினமும் காலை எட்டு மணிக்கு மொட்டை மாடியில், தொலைநோக்கி வழியே வெள்ளைத் தாளில் சூரிய பிம்பத்தை விழவைத்துப் பென்சிலால் புள்ளிகளைக் குறிக்கிறோம். 2024 மே 10 அன்று இருபது ஆண்டுகளில் காணாத சூரியப் புயல் தாக்கி, லடாக்கின் ஹான்லேயில் இரவு வானம் சிவந்தது. அந்த வாரம் தாளில், அந்தப் புயலைக் கிளப்பிய புள்ளிக்கூட்டம் கட்டைவிரல் நகம் அகலத்துக்கு! பார்த்தது நானும் இன்னும் இரண்டு பேரும்.

அதையொட்டித்தான் நம் எம்.பி.க்கு ஒரு மனு எழுதினேன். விண்வெளித் துறைக்கு 2024–25 பட்ஜெட்டில் சுமார் 13,042 கோடி ரூபாய். அறிவியல் ஆராய்ச்சிக்கென அமைத்த அனுசந்தான் அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி என்கிறார்கள். ஆனால் அரசு தருவது 14,000 கோடி, மிச்சம் வெளியிலிருந்து வருமாம், நம் சந்தா வருவதுபோல. ஒவ்வொரு விண்கலத்தின் செலவிலும், அது அனுப்பும் தரவை ஆராய்பவர்களுக்கு ஒரு பங்கை முன்கூட்டியே ஒதுக்குங்கள் என்பதுதான் மனு. 84 உறுப்பினர்களில் கையெழுத்திட்டவர்கள் 11 பேர். "ராக்கெட்டுக்கு எதிராக நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார்" என்றார் ஒருவர். நான் ராக்கெட்டுக்கு எதிரியல்ல. 1909-இல் கொடைக்கானல் ஆய்வகத்தில் ஆங்கிலேய வானியலாளர் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓட்டத்தைக் கண்டபோது அதனால் யாருக்கும் காலணா லாபமில்லை. அந்த ஆய்வகத்தை இன்று நடத்தும் இந்திய வான் இயற்பியல் மையம்தான் சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலத்துக்கு முதன்மைக் கருவியைச் செய்து தந்தது. 2022 பிப்ரவரியில் சூரியனால் எழுந்த ஒரு சிறிய காந்தப் புயலுக்கே சுமார் நாற்பது ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் பறிபோயின. இதையெல்லாம் மே மாதக் கூட்டத்தில் சொன்னேன். அன்று வந்திருந்தவர்கள் ஏழு பேர்.

வரவு செலவைப் பொருளாளர் சொல்வார். கையிருப்பு கவலைப்படும்படி இல்லை, பெருமைப்படும்படியும் இல்லை. 31 பேர் 200 ரூபாய் சந்தா பாக்கி. அவர்களில் பலர் பஸ்ஸுக்கு 650 ரூபாயை அன்றே கட்டியவர்கள். பஸ் அட்வான்ஸுக்குச் செயற்குழு இரண்டே நிமிடத்தில் சம்மதித்தது. தொலைநோக்கியின் பூஞ்சை பிடித்த கண்ணருகு லென்ஸை மாற்றக் கேட்டதற்கு "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றது.

மாடியைத் தந்தவருக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை இளைஞர் ஒருவர் ஏற்பது நல்லது. காலை எட்டு மணிக்கு மாடி ஏறக்கூடியவராக இருந்தால் சாவியை இன்றே தருகிறேன். கூட்டம் முடிந்ததும் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகேதான் நிற்பேன்.