ஹாபர் சேருக்கும், எங்களைத் தாங்கிய எல்லாருக்கும்

கொழும்பு மட்டக்குளியில் களனி ஆற்றங்கரைத் தோட்டக் குடியிருப்புக் குடும்பங்கள் சார்பாக இதை எழுதச் சொன்னார்கள். எழுதுகிற கை என்னுடையது என்பதால் என் நெஞ்சில் முட்டிக்கொண்டு நிற்பதே முன்னால் வரும். பெயர் விடுபட்டவர்கள் குறை நினைக்க வேண்டாம். டித்வா புயலின் வெள்ளம் எங்களை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்களும் அதே தண்ணீரில் நின்றவர்கள்தான்.

எல்லாருக்கும் முதலில் ஒரு கும்பிடு. வள்ளம் கொண்டுவந்த முகத்துவாரத்து மீனவத் தம்பிமாருக்கும், கிழவிகளைத் தோளில் தூக்கிய கடற்படைப் பிள்ளைகளுக்கும், விடிய விடியச் சோறு ஆக்கி அனுப்பிய பள்ளிவாசல் சகோதரர்களுக்கும், மண்டபத்தைத் திறந்துவிட்ட பன்சலை ஹாமுதுருவுக்கும் (பௌத்த விகாரைத் தேரர்), கோவில் இளைஞர்களுக்கும், நித்திரையில்லாமல் பெயர் பதிந்த எங்கள் கிராம சேவகர் ஜி.எஸ். அம்மாவுக்கும், புறக்கோட்டையிலிருந்து பருப்பு மூட்டையைத் தலையில் சுமந்து வந்து ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்காமல் திரும்பிய நாட்டாமி அண்ணன்மாருக்கும், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிய உறவுகளுக்கும். நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் இல்லை. இதை வெறும் பேச்சுக்காகச் சொல்லவில்லை.

இனி ஒருவரைப் பற்றி எழுத விடுங்கள்.

அவருக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பல்களை உள்ளே எடுப்பதும் வெளியே விடுவதும் சம்பந்தமான பகுதியில் நெடுங்காலமாக அதிகாரியாக இருக்கிறார். எங்கள் தோட்டத்துக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. ஹாபர் சேர் என்றால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெயர் போடட்டுமா என்று கேட்டேன். கையை ஆட்டி மறுத்துவிட்டார். "நான் கதைச்சதெல்லாம் என்ட சொந்த அபிப்பிராயம் மகள். கந்தோர் சொன்னதா யாரும் நினைச்சிடக் கூடாது. அதையும் சேர்த்து எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன் சேர்.

அவர் எங்களுக்குத் தந்தது, பாடசாலைக் கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதிய நாலு வரி.

பாடசாலையில் நாங்கள் தங்கியிருந்த முகாமுக்கு வந்த முதல் நாள் அவர் கையில் பார்சலும் இல்லை, பாயும் இல்லை. நைட் ஷிஃப்ட் முடித்து அப்படியே வந்திருந்தார், சப்பாத்து நனைந்திருந்தது. எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, வகுப்பறைப் பலகையை எங்கள் பக்கம் திருப்பி வைத்து எழுதினார். ஆற்றின் மேல்பக்கம் ஹங்வெல்லையில் ஆறு ஏறுதா இறங்குதா என்பது முதல் வரி. கொழும்பு நாகலகம் வீதி அளவுகோலில் எப்படி என்பது இரண்டாவது. கடல் எத்தனை மணிக்கு வற்றும் என்பது மூன்றாவது. நாலாவது வரியின் தொடக்கத்தில் "தெரியாதது" என்று போட்டு, பக்கத்தில் எழுதினார்: மலைநாட்டில் இன்றிரவு எவ்வளவு மழை பெய்யும். தமிழில் எழுதி முடித்துச் சிங்களத்திலும் எழுதினார். தண்ணீர் வடியும்வரை ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் வந்து பழையதை அழித்துப் புதிதாய் எழுதிவிட்டுப் போனார்.

இதில் என்ன பெரிய உதவி என்று முகாமில் இருந்திராதவர்கள் கேட்கலாம். நாகலகம் வீதி அளவுகோலில் அடிக்கணக்கு, அது 7 அடியைத் தாண்டினால் பெருவெள்ளம் என்பதெல்லாம் ரேடியோவில் வரும். கேட்டுக் கேட்டுக் காது புளித்த இலக்கம். ஆனால் அந்த இலக்கத்தை வைத்துக்கொண்டு தையல் மெஷினை மேசைமேல் ஏற்றுவதா அலுமாரிக்கு மேல் ஏற்றுவதா, அப்பாவின் மருந்தை எடுக்க இன்று வீட்டுக்குப் போகலாமா நாளை போகலாமா என்று எங்களுக்கு இதுவரை யாரும் சொல்லித் தந்ததில்லை. சேர் சொல்லித் தந்தார். மலையில் பெய்தது முதலில் கிளென்கோர்ஸில் தெரியும், பிறகு ஹங்வெல்லையில், அதற்குப் பிறகுதான் நம்மிடம் வரும். ஆகவே நம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட ஹங்வெல்லையைப் பாருங்கள் என்றார். சிவனொளிபாத மலைப் பக்கமிருந்து 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி கங்கை கடலில் விழுகிற வாய் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடல் பெருக்கில் நிற்கும்போது ஆற்றுத் தண்ணீர் இழுபட்டுப் போகாது, வற்று நேரத்தில் கொஞ்சம் வேகமாய்ப் போகும். கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர்கூட வித்தியாசம் இல்லையே சேர் என்று ஒரு தம்பி கேட்டான். "சின்ன வித்தியாசம்தான் தம்பி. உங்கட வாசல் படியும் சின்னதுதானே" என்றார்.

அந்த ஒரு இரவை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மேலே அணை உடைந்துவிட்டது, ஓடுங்கள் என்று ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் வந்தது. இருட்டு, மழை, பிள்ளைகளின் அழுகை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு சனம் வாசலுக்கு ஓடியது. என் அம்மா நடக்க முடியாதவர், என் கையைப் பிடித்துக்கொண்டு "நீ போ" என்றார். யாரோ சேருக்குப் போன் எடுத்தார்கள். அவர் வந்து பலகைக்குப் பக்கத்தில் நின்று சத்தம் போடாமல் கேட்டார்: எந்த அணை? எத்தனை மணிக்கு? பதிவில் அது இருந்ததா? இல்லை. உடைந்திருந்தால் கிளென்கோர்ஸ் முதலில் காட்டிக்கொடுத்திருக்கும், இப்பதான் கேட்டுவிட்டு வருகிறேன், அங்கே இறங்குமுகம் என்றார். ஒவ்வொருவராய் உட்கார்ந்தார்கள். அந்த இருட்டில், அந்த ஓட்டத்தில், யாராவது மிதிபட்டோ தண்ணீரில் விழுந்தோ போயிருப்பார்கள். எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அவர் சொன்னதைச் சனம் ஏன் நம்பியது என்று பிறகு யோசித்தேன். நாலாவது வரிதான் காரணம். தனக்குத் தெரியாததை ஒவ்வொரு நாளும் தன் கையால் எழுதி வைத்த மனுஷன், தெரியும் என்று சொன்னபோது தெரிந்துதான் சொல்கிறார் என்று எல்லாருக்கும் விளங்கியது. பதவியில் இருக்கிற ஒருவர் அப்படி எழுதி நான் பார்த்ததே இல்லை.

தண்ணீர் மெல்ல இறங்கத் தொடங்கிய பிறகு, மாலை எழுத்து முடிந்ததும் எங்களோடு உட்கார்ந்து பிளேன்டி குடிப்பார். நான் துறைமுகத்திலிருந்து சரக்கு எடுத்துக் கொடுக்கிற கிளியரிங் ஏஜண்ட் ஒருவரிடம் கணக்கெழுதுகிறவள். துறைமுகம் எனக்கு மெனிஃபெஸ்ட், டிலிவரி ஓடர், டெமரேஜ் என்று கடதாசியில்தான் பழக்கம். அந்த மாலைகளில்தான் அதை மனிதர்களோடு சேர்த்துப் பார்த்தேன்.

ஒரு நாள் சோற்றுத் தட்டைக் காட்டிச் சொன்னார். அரிசி இங்கே விளைந்தது. மைசூர்ப் பருப்பு கனடாவிலிருந்தோ அவுஸ்திரேலியாவிலிருந்தோ வந்தது. பெரிய வெங்காயம் இந்தியா. தட்டில் பாதி கப்பலில் வந்தது. வியாபாரம் என்பது பெரிய இடத்து விஷயம் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். 2022இல் பணம் கட்ட வழியில்லாமல் எண்ணெய்க் கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு நின்றபோது முதலில் அணைந்தது யாருடைய அடுப்பு என்று கேட்டார். எங்களுடையதுதான்.

தன் துறைமுகத்தைப் பற்றி அவருக்கு இருக்கிற பெருமையைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். 20 அடிக் கொள்கலன் பெட்டிக் கணக்கில் வருடத்துக்கு 70 இலட்சத்துக்கு மேல் கையாளுகிறார்கள், அதில் பெரும்பகுதி இந்தியாவுக்கும் பங்களாதேஷுக்கும் மற்ற நாடுகளுக்கும் இங்கே கப்பல் மாறிப் போகிற பெட்டி. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போயின. அந்தக் குழப்பத்தில் கொழும்பில் பெட்டி குவிந்தது. எங்கேயோ நடக்கிற சண்டை நம் தெருவில் லொறி வரிசையாய் வந்து நிற்கும் என்றார். அந்த வரிசையின் தூசியைத் தின்கிற புளூமெண்டால், கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டிகளின் இலாபத்தில் என்ன கிடைக்கிறது என்று அவரே கேட்டார். மதிலுக்கு உள்ளே இருக்கிற ஒருவர் இதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது.

காலநிலை பற்றி அவர் பேசுவதில் பயமுறுத்தல் இல்லை. இந்தத் துறைமுகமே காற்றுக்கும் அலைக்கும் பதிலாகக் கட்டியதுதான் என்பார். அலைதடுப்பு இல்லாத காலத்தில் தென்மேற்குப் பருவக்காற்றில் கொழும்பில் கப்பல் நிற்க முடியாது, காலியைத்தான் தேடிப் போவார்கள். 1875இல் வேல்ஸ் இளவரசர் கல் நட்டு 1885இல் முடிந்த அந்த அலைதடுப்புக்குப் பிறகுதான் கொழும்பு கொழும்பானது. அன்று இருந்த கடலுக்குக் கணக்குப் பார்த்துக் கட்டியது அது. இப்போதைய கடல் வருடத்துக்குச் சில மில்லிமீற்றராக உயர்கிறது. கிரேனுக்கும் ஜெட்டிக்கும் எவ்வளவு உயரம் கூட்டுவது என்று கணக்குப் போட எங்களிடம் எஞ்சினியர்கள் இருக்கிறார்கள், தோட்டத்து வாசல்களுக்கு யார் கணக்குப் போடுவது என்றார். 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 வீதத்திலிருந்து 0.5 வீதமாகக் குறைய வேண்டும் என்று உலகக் கடல்சார் அமைப்பு சட்டம் போட்டதையும் சொன்னார். உலகம் முழுக்கக் கப்பல்காரர் செலவு கூடும் என்று கத்தினார்கள், ஆனாலும் செய்தார்கள். முடியாது என்று சொல்கிற எதையும் அதனால் தான் முழுதாய் நம்புவதில்லை என்றார்.

எக்ஸ்பிரஸ் பேர்ள் பற்றிப் பேசியபோது மட்டும் அவர் குரல் மாறியது. 1,486 பெட்டிகளோடு வந்த கப்பல். ஒரு பெட்டியில் நைத்திரிக் அமிலம் கசிகிறது என்று தெரிந்தே வந்தது. கட்டாரின் ஹமாத் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீராவிலும் அந்தப் பெட்டியை இறக்கக் கேட்டும் நடக்கவில்லை. 2021 மே 20ஆம் திகதி நம் கடலில் தீப்பிடித்தது, ஜூன் 2ஆம் திகதி தாழத் தொடங்கியது. பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் பனியாய்க் கொட்டிக் கிடந்ததையும் எங்கள் மீனவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டில் இருந்ததையும் யார் மறப்பார்கள்? 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் இழப்பீடு கட்டச் சொன்னது. "கசியிற பெட்டியை ஒவ்வொரு வாசலும் அடுத்த வாசலுக்குத் தள்ளினா, கடைசியா அது வந்து சேர்றது பேசத் தெரியாத சனத்திட வாசலுக்குத்தான் மகள்." இதைச் சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

எனக்கு அப்போதுதான் அந்தப் பலகை முழுதாய் விளங்கியது. வெள்ளம் அவருடைய இலாகா இல்லை. ஆற்றுக்கு ஒரு திணைக்களம், அனர்த்தத்துக்கு ஒரு நிலையம், முகாமுக்குப் பிரதேச செயலகம். எனக்குச் சம்பந்தமில்லை என்று அடுத்த வாசலைக் காட்ட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. தனக்குத் தெரிந்த கடலை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

சேர், உங்களுக்கு நன்றி சொல்ல எங்களிடம் பொன்னாடை இல்லை, நீங்கள் அதை வாங்கவும் மாட்டீர்கள். அதனால் செய்யப்போவதைச் சொல்கிறோம். பாடசாலை அதிபர் அனுமதி தந்துவிட்டார்: நுழைவாயில் சுவரில் ஒரு பலகை நிரந்தரமாக இருக்கும். மழைக்காலம் வந்தால்தான் என்றில்லை, வருடம் முழுக்க அந்த நாலு வரியும் இரண்டு மொழியிலும் எழுதப்படும். இம்முறை தண்ணீர் எதுவரை ஏறியது என்று ஒவ்வொரு ஒழுங்கை முனையிலும் வண்ணத்தில் கோடு போடப் பையன்மார் அளந்துகொண்டிருக்கிறார்கள். எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், யார் அவரைத் தூக்குவது என்று பட்டியல் போட்டு ஜி.எஸ். அம்மாவிடம் கொடுத்துவிட்டோம். நான் என் மேசையில், ஆபத்தான சரக்கு என்று வருகிற கடதாசி எதையும் முழுதாய் வாசிக்காமல் அடுத்த ஆளின் கைக்குத் தள்ள மாட்டேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

ஓ.எல். வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெருக்கு வற்று அட்டவணை வாசிக்கப் பழக்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னீர்கள். மற்றத் தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகளை அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். அன்று மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான் என்று அம்மா கண்டிப்பாய்ச் சொல்லச் சொன்னார்.