மெல்கியோர் குரல் எத்தனை கட்டை?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் டென்மார்க் ஓபரா பாடகர் லௌரிட்ஸ் மெல்கியோர் பற்றி வந்த கட்டுரை கண்டோம். பாலக்காட்டு எல்லைவரை வரும் ஒரு தமிழ் நாளிதழ், ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராக்களைப் பாடியவருக்கு அரைப் பக்கம் ஒதுக்கியது சந்தோஷம். ஆனால் ‘ஆறு கட்டைக் குரல்’ என்ற தலைப்பும் ‘பிறவி டெனர்’ (ஆண்குரலில் உயர்ந்த வகை) என்ற வரியும் தவறு. இங்கே பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்துக்குப் பையன்களைத் தயார் செய்பவர்கள் இதை நம்பிச் சுருதியை ஏற்றிவிடக்கூடாது என்பதால் எழுதுகிறோம்.

முதலில் கட்டை. ஆர்மோனியத்தில் ஸி என்பது ஒரு கட்டை, டி இரண்டு, ஜி ஐந்து, ஏ ஆறு. ஆதார ஷட்ஜத்தை எங்கே வைக்கிறோம் என்பதற்கான கணக்கு அது. குரல் எவ்வளவு தூரம் ஏறும் என்பதற்கு அல்ல. ஓபராவில் ஆதார சுருதி ஒரே இடத்தில் நிற்காது. வாக்னரிடம் சில வரிகளுக்குள்ளேயே மாறிவிடும். எனவே மெல்கியோருக்குக் கட்டையே கிடையாது. டெனர் குரலின் வீச்சை நம் கணக்கில் சொல்வதானால், ஒரு கட்டை வைத்துக்கொண்டு மத்ய ஸ்தாயி ஷட்ஜத்திலிருந்து தாரத்துக்கும் மேலே உள்ள அதிதார ஷட்ஜம் வரை, இரண்டு ஸ்தாயி. அந்த உச்சியும் கள்ளக்குரல் அல்ல, முழுக்குரல்.

ஆனால் மெல்கியோர் பேர் வாங்கியது அந்த உச்சியில் இல்லை. வாக்னரின் ‘டி வால்க்யூரெ’ ஓபராவின் முதல் அங்கத்தில் ஸீக்முண்ட் என்ற வீரன், ஆயுதமில்லாமல் எதிரி வீட்டில் இரவு தங்கியிருக்கும்போது, தகப்பன் தருவதாகச் சொன்ன வாளைக் கேட்டு ‘வெல்ஸெ’ என்று அவர் பேரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிடுகிறான். ஒரு கட்டைச் சுருதிப்பெட்டியைப் போட்டுக் கேளுங்கள். முதல் கூப்பாடு தாரஸ்தாயி பிரதிமத்யமம், இரண்டாவது தார பஞ்சமம். அவ்வளவே. நம் ஊரில் ஒரு கட்டையில் பாடுகிற நல்ல வித்வான் தொடுகிற இடம்தான். 1940இல் பாஸ்டனிலிருந்து ஒலிபரப்பான நிகழ்ச்சியில் மெல்கியோர் அந்த ஒவ்வொரு ஸ்வரத்தையும் பத்து விநாடிக்கு மேல் நிறுத்துகிறார். கீழே முழு வாத்தியக் குழு, எதிரே மைக் வைத்துப் பெருக்கிய சபை இல்லை. ஸீக்முண்டின் பாட்டில் மிக உயர்ந்த இடமே தார சதுஸ்ருதி தைவதம்தான். மற்றதெல்லாம் நடுக்குரலில், டெனரைவிடத் தாழ்ந்த ஆண்குரலான பாரிடோன் பாடும் இடத்தில் உழல்கிறது. அந்த நடுக்குரல் கனமாக இல்லாதவன் மேலே எவ்வளவு ஏறினாலும் இந்த வேஷத்துக்கு ஆகமாட்டான்.

கனம் அவருக்கு எங்கிருந்து வந்தது? இங்கேதான் ‘பிறவி டெனர்’ இடிக்கிறது. 1890இல் கோபன்ஹேகனில் பிறந்தவர், 1913இல் அங்குள்ள ராயல் தியேட்டரில் மேடையேறியது பாரிடோனாக, ‘பாலியாச்சி’ ஓபராவில் ஸில்வியோ வேஷத்தில். கூடப் பாடிய மேடம் சார்ல்ஸ் காஹியே என்ற பாடகிதான், இது பாரிடோன் அல்ல, மேல்மூடி திறக்காத டெனர் என்று கண்டு சொன்னார். டென்மார்க்கின் முந்தைய தலைமுறை டெனர் வில்ஹெல்ம் ஹெரால்டிடம் பாடம் கேட்டு, 1918 அக்டோபரில் ‘டான்ஹாய்ஸர்’ பாடி டெனராக மறுபடி மேடையேறினார். அதன் பிறகும் அவசரம் இல்லை. ஆங்கில நாவலாசிரியர் ஹ்யூ வால்போல் செலவுக்கு உதவ, லண்டனில் விக்டர் பைகலிடமும் பிறகு ஜெர்மனியில் ஆன்னா பார்-மில்டன்பர்க்கிடமும் படித்தார். 1924இல்தான் லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கு; அதே ஆண்டு வாக்னர் விழா நடக்கும் பைராய்ட்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் அறிமுகம் 1926 பிப்ரவரி 17, மதிய ஆட்டம். அன்று மாலை மரியன் டாலி என்ற 19 வயது அமெரிக்கப் பெண் அதே மேடையில் அறிமுகமானதால் பத்திரிகைகள் அந்தப் பெண்ணையே எழுதித் தள்ளின. இவர் ஹாம்பர்க் அரங்கில் வேஷங்களைப் பாடிப் பாடிப் பதப்படுத்திக்கொண்டு, 1929இல் வாக்னரின் ட்ரிஸ்டன் வேஷம் பாடிய பிறகே நியூயார்க்கில் வேரூன்றினார். அப்போது வயது 39. அப்புறம் 1950 வரை அசையவில்லை. அங்கே வாக்னர் வேஷங்கள் மட்டும் 519 தடவை. உலகம் முழுக்க ட்ரிஸ்டன் 223 தடவை. ட்ரிஸ்டன் மூன்றாம் அங்கத்தில் காயம்பட்டுக் கிடக்கிறவன் முக்கால் மணி நேரத்துக்கு நெருக்கமாகக் கத்திக் கதறிப் பாட வேண்டும். வேறு டெனர்கள் அந்த இடத்தில் தொண்டை கட்டித் திணறுவார்கள்.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. காலப்பிரமாணம் பிடிபடாது, அவரோடு மல்லுக்கட்டாத வாத்தியக் குழு நடத்துநர் குறைவு. ஒத்திகைக்கு வருவதிலும் அலட்சியம். நம் சபையாக இருந்தால் மிருதங்கக்காரர் முறைத்திருப்பார்.

கடைசி வரிசைக்கு எப்படிக் கேட்டது என்பதைக் கட்டுரை ‘நுரையீரல் பலம்’ என்று முடித்துவிட்டது. பழைய மெட்ரோபாலிட்டன் அரங்கில் 3600 பேருக்கு மேல் உட்காரலாம். மூச்சு மட்டும் போதாது. வாத்தியக் குழுவின் ஓசை பலமெல்லாம் விநாடிக்கு 500 அதிர்வுக்கு அக்கம்பக்கம் குவிந்திருக்கிறது. பழகிய ஓபராக் குரலில் 3000 அதிர்வுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு மினுக்கு எழும்பும். அங்கே வாத்தியங்களுக்குப் பலம் குறைவு, காதுக்குக் கூர்மை அதிகம். நாம் ‘கணீர்’ என்று சொல்வது இதைத்தான். மைக் வராத காலத்தில் நம் நாடக மேடைக்காரர்கள் ஐந்து கட்டைக்கு ஏற்றிப் பாடி இதே சிக்கலைத் தீர்த்தார்கள். இன்று மைக் இருந்தும் ஏற்றுவதற்குக் காரணம் இல்லை.

பையன்கள் விஷயத்துக்கு வருகிறோம். 12 முதல் 15 வயதுக்குள் குரல் உடையும்போது ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். அதுவரை ஐந்தரைக் கட்டையில் பாடியவனை, பரிசுக்காக அங்கேயே நிறுத்தப் பார்க்கிறார்கள். கீழ்க்குரலின் திறந்த ‘ஆ’வை அப்படியே மேலே இழுப்பான், தாடை தூக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், தார காந்தாரம் தாண்டும்போது சுருதி கீழே விழும். கரகரப்பு தங்கிவிடக்கூடும். ஓபரா வாத்தியார்கள் அந்த இடத்தில் ‘ஆ’வை லேசாக ‘ஓ’ பக்கம் சாய்த்து, குரல்வளை மேலேறாமல் பார்த்துக்கொண்டு, அரை ஸ்வரம் அரை ஸ்வரமாகக் கடக்கச் சொல்வார்கள். பாரிடோன் மெல்கியோர் டெனர் ஆனது கீழ்க்குரலுக்கும் மேல்குரலுக்கும் நடுவே உள்ள இந்தப் பாலத்தைக் கடந்துதான். நமக்குச் சுலபமான அளவுகோல் உண்டு: மந்த்ர பஞ்சமம் காற்றாகப் போகாமல் கேட்க வேண்டும், தார பஞ்சமம் முகம் சுளிக்காமல் வர வேண்டும். இரண்டும் அமைகிற கட்டையே அவன் கட்டை. அது பெரும்பாலும் ஒன்று அல்லது ஒன்றரையில் வந்து நிற்கும்.

மெல்கியோரைக் கேட்க விரும்புவோர், ப்ரூனோ வால்டர் நடத்த, வியன்னாவில் 1935இல் பாடகி லோட்டெ லேமானுடன் பதிவான ‘வால்க்யூரெ’ முதல் அங்கத்தில் தொடங்கலாம். பழைய 78 சுற்று இசைத்தட்டு, பக்கத்துக்கு நாலு நாலரை நிமிஷம். ஒட்டுப்போட்ட இடம் சில பிரதிகளில் தெரியும். இணையத்தில் உலவும் சில பிரதிகள் வேகம் தப்பி ஏற்றப்பட்டவை. நிமிஷத்துக்கு நாலரைச் சுற்று கூடினாலே ஒரு கட்டை ஒன்றரை ஆகிவிடும். ஆர்மோனியத்தை வைத்து அந்த இரண்டாவது ‘வெல்ஸெ’ பஞ்சமத்தில் நிற்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டு கேளுங்கள்.

— பாட்டு ஆசிரியர்கள் சிலர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்