பின்கட்டை இடிக்காதீர்கள்

நாகர்கோவில் வடசேரியில் பழைய ஓட்டல்காரர் வீட்டைக் காட்சியகமாக்கும் குழுவினருக்கும் வீட்டின் பங்குதாரர்களுக்கும்,

வணக்கம். நகரத்தின் நடுவே இவ்வளவு பெரிய மனையை விற்காமல் காட்சியகத்துக்குக் கொடுக்க எல்லோருக்கும் மனம் வராது. உங்களுக்கு வந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் வரைபடத்தைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. முன்கூடமான பட்டகசாலையில் ஓட்டல் முதலாளியின் மார்பளவுச் சிலை, மச்சில் புகைப்படங்கள், சமையல் நடந்த பின்கட்டு இருக்கும் இடத்தில் கார் நிறுத்தமும் கழிப்பறையும்.

அந்தப் பின்கட்டில்தான் என் அப்பா தவசிப்பிள்ளையாக, அதாவது சமையல்காரராக, இருந்தார். அடுப்புத்திட்டு இன்றும் உடையாமல் இருக்கிறது. தீயல் குழம்புக்கு வறுத்த தேங்காயை அரைத்து அரைத்து அம்மி நடுவில் குழிந்துபோயிருக்கிறது. கதவோரச் சுவரில் வாழையிலைக் கட்டுகளின் கணக்கு, கரியால் நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு இழுத்து, இடுப்புயரம் முதல் தலைக்குமேல் வரை. ஓட்டல் எப்படி நடந்தது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் உங்கள் இரும்புப்பெட்டியில் இருக்காது. பெயின்டருக்கு அதை அழிக்க அரைநாள் போதும்.

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கட்டில், சிம்மாசனத்துக்கு இணையாக ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டுக் கூடத்தைச் சொல்வார்கள். மேலும் கீழுமாக இரண்டாயிரம் பேர் வரை உண்ணும் கூடம், பெரிய பெரிய ஊறுகாய்ப் பரணிகள். சோறு போட்ட இடம் மனதில் நிற்கும்.

யாருக்குப் போட்ட சோறு என்பது அடுத்த கேள்வி. திருவிதாங்கூர் ஊட்டுப்புரைகளின் இலவசச் சோறு பெரும்பாலும் பிராமணர்களுக்குத்தான். சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கவே 1926-இல் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்த ஊர் இது. 1936 நவம்பர் 12-இல் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்துவிட்ட ஆலய நுழைவுப் பிரகடனம் வந்தது. ஆனால் சாதிவாரியாகப் பிரிந்திருந்த சாப்பாட்டுக் கடைப் பந்திகள் மறுநாளே ஒன்றாகிவிடவில்லை. உங்கள் தாத்தா ‘இனி ஒரே பந்தி’ என்று சொன்னபோது பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்று அப்பா சொல்வார். மனிதர் அசரவில்லையாம். சிலை வைத்தாலும் கிடைக்காத பெருமை அது. ஆனால் அதற்கு முன்னால் பக்கவாசலில் நின்று பொட்டலம் வாங்கிப் போனவர்களும் உண்டு. அந்த வாசலும் பின்கட்டோடுதான் சேர்ந்திருக்கிறது. இரண்டையும் எழுதி வையுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் அது குடும்ப ஆல்பம்.

பழுதுபார்ப்பு பற்றியும் ஒரு வார்த்தை. சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமென்ட் பூசப்போவதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம். சுவரில் ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். கூலி கூடும், நாளும் ஆகும். சிலைக்கு ஒதுக்கிய பணத்தை இதற்குத் திருப்பலாம்.

கார் நிறுத்தக் கிழக்கே உங்கள் காலிமனையே இருக்கிறது. கழிப்பறையையும் அங்கேயே கட்டலாம்.

அப்பா சாம்பார் கிளறிய நீளக் கரண்டியும் அவருடைய சம்பளக் குறிப்பேடும் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. காட்சியகத்துக்குக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தீர்கள். பின்கட்டு நிற்கும் என்று எழுத்தில் தாருங்கள். நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
தவசிப்பிள்ளையின் மகன்