மூன்றாவது வைஃபை பெட்டியில் வேகம் 94-ஐத் தாண்டாது என்பது உங்களுக்குத் தெரியாதா?

வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் வாங்கிய மூன்று பெட்டி மெஷ் வைஃபை செட் (பெட்டிகள் ஒன்றோடொன்று பேசி வீடு முழுக்க வைஃபை கொடுக்கும் வகை) பற்றி எழுதுகிறேன், அட்டையில் பெரிதாக ஏசி1200 என்று போட்டிருக்குமே, அதே செட். என் பழைய புகார்கள் எல்லாம் உங்கள் சிஸ்டத்தில் இருக்கும். அவற்றை இன்னொரு முறை ஒப்பிக்க எனக்குத் தெம்பில்லை. போன் போடும்போதெல்லாம் புதிதாக ஒருவர் எடுக்கிறார், "உங்கள் பிரச்சினையைச் சொல்லுங்கள்" என்று அ-னா ஆ-வன்னாவிலிருந்து ஆரம்பிக்கிறார், நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் "ரவுட்டரை அணைத்துவிட்டு 30 விநாடி கழித்துப் போடுங்கள்" என்கிறார். போட்டுவிட்டேன். போதும் போதும் என்கிற அளவுக்குப் போட்டுவிட்டேன்.

இந்தக் கடிதத்தை உங்கள் பொருளைப் பற்றித் தெரிந்த ஒருவர் படிக்க வேண்டும் என்பதுதான் என் முதல் கோரிக்கை. தயாரித்தது நீங்கள். எந்தப் பெட்டியில் எந்த போர்ட் (கேபிள் செருகும் துளை) இருக்கிறது, அது எவ்வளவு வேகம் தாங்கும் என்பது உங்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

விஷயம் இதுதான். எங்கள் இணைய இணைப்பின் வேகம் 300 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 300 மெகாபிட். முதல் பெட்டி கீழே கூடத்தில் மோடத்தை ஒட்டி, திறந்த அலமாரியின் மேல்தட்டில். இரண்டாவது மாடிப்படி முடியும் இடத்தில். மூன்றாவது மாடியில் பின்பக்க அறையில், நான் உட்கார்ந்து வேலை செய்யும் மேஜைக்குப் பக்கத்தில். உங்கள் ஆப் படம் போட்டுக் காட்டியபடியே வைத்தேன். முதல் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் போனில் 300 முழுசாக வருகிறது. மூன்றாவது பெட்டிக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்தால் பகலில் 60, சாயங்காலம் ஆனால் 35, சில நாள் அதுவும் இல்லை. சிக்னல் கோடு மட்டும் முழுதாக நிற்கிறது, ஆப்பில் பச்சை நிறத்தில் "மிக நன்று" என்று வேறு எழுதிக் காட்டுகிறது. மீட்டிங்கில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் உறைந்துவிடும். நான் பேசி முடித்து பதிலுக்காகக் காத்திருப்பேன், எதிரில் இருப்பவர்கள் "கேட்கிறதா, கேட்கிறதா" என்று கத்திக்கொண்டிருப்பார்கள்.

முதலில் உங்கள் ஆள் சொன்னது: இணைய நிறுவனத்தின் கோளாறு. சரி என்று அவர்களை வரவழைத்தேன். வந்தவர் மோடத்தில் நேராக லேப்டாப்பைச் செருகி 300-ஐக் காட்டிவிட்டு, எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் சொன்னது: மோடமும் ரவுட்டர் வேலை செய்கிறது, உங்கள் பெட்டியும் ரவுட்டர் வேலை செய்கிறது, இரண்டும் மோதுகின்றன, மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலைக்கு, மாற்றுங்கள். அதை நான் பெட்டி வந்த அன்றே மாற்றியிருந்தேன், அதைச் சொல்லவும் செய்தேன், ஆனாலும் அவர் கையிலிருந்த தாளில் அடுத்த வரிக்குப் போக விதி இல்லையோ என்னவோ, மறுபடியும் மாற்றச் சொன்னார். அதற்கடுத்தவர் ஃபேக்டரி ரீசெட் போடச் சொன்னார், போட்டபின் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் புதிதாக வையுங்கள் என்றும் சொன்னார். ஒரு வீட்டில் பெயரை மாற்றினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? வாசல் கேமரா, டிவி, பிரிண்டர், மாமனார் அறையில் இருக்கும் ஸ்மார்ட் பிளக் என்று ஒன்றுவிடாமல் திரும்பச் சேர்க்க வேண்டும். அதில் கேமராவும் பிளக்கும் வைஃபையின் இரண்டு அலைவரிசைகளான 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸில் 2.4-இல் மட்டுமே சேரும், உங்கள் ஆப்பிலோ 2.4-ஐயும் 5-ஐயும் தனித்தனியாகப் பிரிக்க வழியே கிடையாது. சேர்க்கும்போது போன் 5-இல் நிற்கும், கேமரா 2.4-இல் தேடும், இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது. ராத்திரி வெகுநேரம் ஸ்டூல் மேல் ஏறி நின்று கேமராவின் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்து மேலே போய்ப் பார்த்தால் அதே 35.

இப்போது அந்த அழைப்புக்கு வருகிறேன். பொறுமையாக எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை.

நான் கேட்டது ஒரே கேள்வி. "இந்தப் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள தனி ரேடியோ, அதாவது தனி அலைபரப்பி, இருக்கிறதா, இல்லை என் போனுக்கும் லேப்டாப்புக்கும் கொடுக்கும் அதே 5 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோவைத்தான் அதற்கும் பயன்படுத்துகின்றனவா?" உங்கள் ஆள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் சொன்னார்: "மேடம், வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் போனைக் கொடுங்கள், அவர்களுக்கு விளக்குகிறேன்."

இதை நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று ஒவ்வொரு முறையும் உங்கள் இயந்திரக் குரல் சொல்கிறதே, அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். எந்த வீட்டிலும் இதைத் தேர்ந்தெடுப்பதும் மாட்டுவதும் ஆண்கள்தான் என்று உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதா? இந்த செட்டைப் படித்துப் பார்த்து வாங்கியது நான், பெட்டியைப் பிரித்தது நான், மோடத்தின் செட்டிங்கில் நுழைந்து மாற்றியது நான். என் கேள்விக்குப் பதில் அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன், மேலே ஒருவரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று வைத்திருப்பேன். இன்றுவரை அதை நினைத்தால் எனக்குக் கை நடுங்குகிறது.

அந்தக் கேள்விக்குப் பதிலையும் நானே சொல்கிறேன். ஏசி1200 என்பது 2.4 ஜிகாஹெர்ட்ஸின் 300-ஐயும் 5 ஜிகாஹெர்ட்ஸின் 867-ஐயும் கூட்டி, மேலே கொஞ்சம் தள்ளிப் போட்ட எண். ஒரு போன் ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றில்தான் இருக்கும், அதனால் 1200 எந்தப் போனுக்கும் எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை. அந்த 867-உம் ஏட்டுக் கணக்கு, கையில் கிடைப்பது அதில் பாதிக்கு ஏதோ முன்பின். இதில் தனி ரேடியோ இல்லாததால், மூன்றாவது பெட்டி இரண்டாவதிடம் வாங்கி, இரண்டாவது முதல் பெட்டியிடம் வாங்கி, எல்லாம் ஒரே 5 ஜிகாஹெர்ட்ஸில் முறை வைத்துக்கொண்டு பேசுகின்றன. ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். நடுவில் காங்கிரீட் தளம் வேறு, 5 ஜிகாஹெர்ட்ஸ் அதைத் தாண்டத் திணறும். இது யாரும் கண்டுபிடிக்க வேண்டிய ரகசியம் இல்லை, உங்கள் பொறியாளர்கள் தினமும் பார்க்கும் கணக்கு. அப்புறம் எதற்கு அட்டையில் "வீட்டின் எல்லா மூலையிலும் ஒரே வேகம்" என்று போட்டீர்கள்? எல்லா மூலையிலும் ஒரே வைஃபை பெயர் வரும் என்று போட்டிருந்தால் நியாயம்.

இதற்கு வழி கம்பிதான் என்று உங்கள் ஆட்களில் ஒருவரே சொன்னார். அவர் மரியாதையாகப் பேசினார், அதையும் சொல்லிவிடுகிறேன். "பெட்டிகளைக் கேபிளில் இணைத்துவிடுங்கள் மேடம், முழு வேகமும் மேலே வரும்." அட்டையிலும் கேபிள் செருகும் படம் இருக்கிறது. நம்பினேன். ஆளைக் கூப்பிட்டுச் சுவரில் துளை போட்டு, புதிதாக வெள்ளையடித்த கூடத்தில் பட்டி பெயர, கீழிருந்து மாடிப் பின்பக்க அறைவரை கேட் 6 கேபிள் இழுத்தேன். கேபிளைச் செருகி, லைட் எரிந்து, ஆப்பில் "கம்பி இணைப்பு" என்று வந்தபோது அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. வேகம் பார்த்தேன். 94. திரும்பப் பார்த்தேன். 94. 93.8, 94.1, அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

உங்களுக்குப் போன் போட்டால் கேபிள் மட்டம் என்றார்கள். அதே கேபிளின் மேல் நுனியை என் லேப்டாப்பிலும் கீழ் நுனியை மோடத்திலும் செருகினேன், ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) என்று காட்டியது, 300-உம் வந்தது. அதே நுனியை உங்கள் மூன்றாவது பெட்டியில் செருகி, அதன் அடுத்த போர்ட்டில் லேப்டாப்பைச் செருகினால் 100 என்று காட்டியது. எட்டு கம்பியும் சரியாக இருக்கும் கேபிளில் 100 என்று வந்தால் போர்ட்தான் 100 என்று அர்த்தம், 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் கையில் வருவது 94-தான். உங்கள் தளத்திலிருந்து கையேட்டை இறக்கிக் கடைசிப் பக்கங்களில் தேடியபோது, பொடி எழுத்தில் இருந்தது: முதல் பெட்டிக்கு ஜிகாபிட் போர்ட், மற்ற இரண்டு பெட்டிகளுக்கும் 10/100.

அட்டையில் இது எங்கும் இல்லை. நீங்கள் விற்கும் பக்கத்தில் இல்லை. போனில் பேசிய ஒருவர்கூடச் சொல்லவில்லை. 2009-லிருந்து வைஃபை நான்காம் தலைமுறை, ஐந்தாம் தலைமுறை, ஆறு, ஏழு என்று போய்க்கொண்டிருக்கிறது, நீங்கள் இன்னும் 100 போர்ட்டை வைத்து அதன்மேல் 1200 என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறீர்கள். 300 இணைப்பு வைத்திருக்கிறேன் என்று ஒவ்வொரு அழைப்பிலும் முதல் வாக்கியமாகச் சொன்னேனே, அப்போதே "உங்களுக்கு இந்த மாடல் ஒத்துவராது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் சுவர் தப்பித்திருக்கும்.

சர்வீஸ் சென்டரை மறந்துவிட்டேன், அதுவும் நடுவில் நடந்தது. மூன்று பெட்டியையும் அடாப்டரோடு பையில் போட்டு எடுத்து வரச் சொன்னீர்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, வீட்டில் நெட் இல்லாமல் மகளை ஆன்லைன் வகுப்புக்குத் தோழி வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்தேன். டோக்கன் போட்டு மதியம்வரை உட்கார வைத்தார்கள். அப்புறம் ஒருவர் மூன்று பெட்டியையும் ஒரே மேஜையில், பக்கத்தில் பக்கத்தில், புத்தகம் அடுக்குவதுபோல வைத்து மின்சாரம் கொடுத்தார். மூன்றிலும் பச்சை எரிந்தது. போனை எடுத்து முதல் பெட்டிக்கு நேராகப் பிடித்து வேகம் பார்த்தார். "நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். ஒரு சாண் இடைவெளியில் வைத்தால் எது வேலை செய்யாது? மூன்றாவது பெட்டியில் கேபிள் செருகிப் பாருங்கள் என்றேன். கேபிள் இல்லை என்றார். நெட்வொர்க் சாமான் விற்கும் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் ஒரு நெட்வொர்க் கேபிள் இல்லை! "குறை எதுவும் இல்லை" என்று சீட்டில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு, உங்கள் பொறியாளர்கள் பார்க்க வேண்டியது. சில நாள் ராத்திரி வைஃபை மொத்தமாக அறுந்து ஓரிரு நிமிடம் கழித்துத் திரும்புகிறது. லாக்கில் (பெட்டி தானே எழுதிவைக்கும் குறிப்பில்) பார்த்தால் "ரேடார் கண்டறியப்பட்டது" என்ற வரி. 5 ஜிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ரேடார் தென்பட்டால் ரவுட்டர் உடனே விலக வேண்டும், அந்த வகைச் சேனல் ஒன்றுக்கே மாறினால் குறைந்தது 60 விநாடி காத்துக் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும், இது விதி, அதில் எனக்குக் குறை இல்லை. இந்த ரேடார் விதிக்குள் வராத 36-ஆம் சேனலிலேயே நிறுத்தி வைக்க ஆப்பில் ஒரு வழி கொடுங்கள் என்று கேட்டேன். சாட்டில் வந்தவர் "உங்கள் வீட்டருகே ரேடார் இருந்தால் நாங்கள் பொறுப்பில்லை" என்று எழுதி சாட்டை மூடிவிட்டார். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

என் இழப்பு என்ன என்று உங்களுக்குப் புரிய வேண்டும். இந்த மாதங்களில் என் வேலையில் எனக்கிருந்த நல்ல பெயரே போய்விட்டது. முக்கியமான ஒரு மீட்டிங்கில் பாதியில் காணாமல் போனேன், அந்தப் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், இனி அது என் கைக்குத் திரும்பப்போவதில்லை. மகளின் இந்த வருஷப் படிப்பே பாழ். எந்த நேரமும் யாராவது ஒருவர் "நெட் இல்லை" என்று கத்துகிற வீட்டில் நிம்மதி எங்கே இருக்கும்? நீங்கள் வாங்கிய பணத்துக்கு இதெல்லாம் ஈடாகுமா?

சண்டை போடுவது என் நோக்கமில்லை. நல்ல பொருள் கிடைத்தால் நாலு பேருக்கு நானே சொல்லுவேன். எனக்கு வேண்டியது இவ்வளவுதான். எல்லாப் பெட்டியிலும் ஜிகாபிட் போர்ட் இருக்கிற, பெட்டிகளுக்குள் பேசத் தனி ரேடியோ இருக்கிற டிரைபேண்ட் செட் ஒன்றை மாற்றிக் கொடுங்கள், அல்லது முழுப் பணத்தையும் கேபிள் இழுத்த செலவையும் திருப்பித் தாருங்கள். கேபிள் இழுக்கச் சொன்னது உங்கள் ஆள், அதனால் அந்தச் செலவு உங்களுடையது. அட்டையின் முன்பக்கத்தில் போர்ட்டின் வேகத்தைப் பெரிய எழுத்தில் போடுங்கள், அடுத்தவர் சுவராவது தப்பிக்கட்டும். அந்த அழைப்பில் பேசியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் எனக்குச் சமரசமே இல்லை.

இந்த மாதக் கடைசிக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். ரசீது, இணைய நிறுவனத்தின் கையெழுத்து, சர்வீஸ் சென்டர் சீட்டு, 94 காட்டும் ஸ்கிரீன்ஷாட்டுகள், உங்கள் கையேட்டின் அந்தப் பக்கம் எல்லாம் தேதி வாரியாக எடுத்து வைத்திருக்கிறேன். வழக்கு எவ்வளவு காலம் இழுத்தாலும் சரி, விடமாட்டேன். அதற்கு முன் நீங்களே முடித்துத் தருவீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன். தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: இதை அனுப்பப் போகும் நேரத்தில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் தாருங்கள்" என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. எதுவும் தீரவில்லை. அந்தப் புகாரை இன்றே திரும்பத் திறந்து, இந்தக் கடிதத்தை அதில் சேர்த்து, சேர்த்துவிட்டோம் என்று எனக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.